வால்ட்டரைக் காப்பாற்றிய டிக்கன்ஸ்

1846 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தங்கியிருந்த சார்லஸ் டிக்கன்ஸ், நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அப்போதுதான் தொடங்கியிருந்த ‘டாம்பி அண்ட் சன்’ நாவலின் போக்கு முழுவதையும் அதில் சொல்லிவிட்டார். கௌரவமே உயிரென வாழும் வியாபாரி டாம்பி. வாரிசு என்று அவர் கொண்டாடும் மகன் பால் சிறு வயதிலேயே இறந்துபோவான். அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத மகள் ஃபுளோரன்ஸை அவர் வெறுக்கத் தொடங்குவார். எல்லாம் போன பிறகு அவளே அவருக்குத் துணையாவாள். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் வால்ட்டர் என்ற துடிப்பான பையன் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரழிவான். வாசகர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வார்களோ என்று ஃபார்ஸ்டரிடம் யோசனையும் கேட்டிருந்தார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ‘பிக்விக்’ எழுதியபோது இப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் அவரிடம் இல்லை. ராபர்ட் சீமோர் என்ற ஓவியரின் படங்களுக்குத் துணையாக எழுதித் தரும் வேலையாகத்தான் அது ஆரம்பித்தது. நான்காவது பகுதியில், ஒரு விடுதி முற்றத்தில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருக்கும் சாம் வெல்லர் வந்து சேர்ந்தான். முதலில் நூற்றுக்கணக்கில் விற்ற தொடர், முடியும்போது 40,000 பிரதிகளைத் தொட்டது. போகிற போக்கில் எழுதுவதன் பலனை டிக்கன்ஸைவிட நன்றாக அனுபவித்தவர் யாரும் இருக்க முடியாது. அவரே பிறகு திட்டம் போட உட்கார்ந்தார் என்பதை, நாவல் எழுதுகிற எவரும் கவனிக்க வேண்டும்.

‘டாம்பி’ மாதாமாதம் 32 பக்கமாக வந்தது, விலை ஒரு ஷில்லிங். மொத்தம் 20 பகுதிகள். கடைசி இரண்டும் சேர்ந்தே வெளிவரும். அச்சேறிய அத்தியாயத்தைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் வைத்துக்கொண்டார். வலப்பக்கத்தில் அத்தியாயத் தலைப்புகளும் அவற்றில் நடப்பவையும் இருக்கும். இடப்பக்கம் அவர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடம். இந்த மாதம் இன்னாரைக் கொண்டுவரலாமா என்று ஒரு கேள்வியை எழுதிவைப்பார். பக்கத்திலேயே ஆம், இல்லை, இப்போது வேண்டாம் என்று இரண்டொரு சொல்லில் பதில் இருக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தத் தாள்கள் இருக்கின்றன. எழுத எழுதக் கதையை மறுபடி யோசிக்க அந்த இடப்பக்கம் அவருக்கு இடம் கொடுத்தது.

பால் இறந்தான், திட்டமிட்டபடியே, 1847 பிப்ரவரியில் வந்த ஐந்தாவது பகுதியில். அதை எழுதி முடித்த இரவு டிக்கன்ஸ் மனம் கனத்துப் பாரிஸ் தெருக்களில் நடந்து திரிந்தார். பல மாதங்களுக்கு முன்பே தான் முடிவு செய்த மரணம்தான். ஆனாலும் எழுதும்போது அது அவரை உலுக்கிவிட்டது. முன்கூட்டித் திட்டமிட்டால் எழுத்தில் உயிர் இருக்காது என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

வால்ட்டர் கெட்டுப்போகவில்லை. பார்படோஸுக்குக் கப்பலேறினான், கப்பல் மூழ்கியது, பிழைத்து வந்து ஃபுளோரன்ஸையே மணந்தான். இன்னொரு மாற்றம் வாசகர் ஒருவரால் வந்தது. டாம்பியின் இரண்டாம் மனைவி ஈடித், கணவரின் மேலாளர் கார்க்கரோடு ஊரைவிட்டுப் போகிறாள். அவள் அவனுடைய ஆசைநாயகி ஆனாள் என்பதை எடின்பரோவின் புகழ்பெற்ற விமர்சகர் ஜெஃப்ரி பிரபு நம்பவே மறுத்து எழுதினார். டிக்கன்ஸ் யோசித்தார், மாற்றினார். டிஜோன் நகர விடுதியில் ஈடித் கார்க்கரை உதறிவிட்டுப் போகும் காட்சி அப்படி வந்ததுதான்.

அப்பாவும் மகளும் என்ற அச்சில் மட்டும் அவர் கைவைக்கவே இல்லை. அது உறுதியாக இருந்ததால்தான் வால்ட்டரையும் ஈடித்தையும் அவரால் துணிந்து திருப்ப முடிந்தது.

வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கிக்கு அந்த அச்சை வரலாறே கொடுத்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டே ஆக வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டில் கொலையாளிகளில் ஒருவனாக ரவிதாஸன் பெயர் இருக்கிறது, அதைத் தள்ள முடியாது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்வெட்டில் இல்லாதவர்கள். கல்கியின் கை முழுச் சுதந்திரத்தோடு ஓடியது இவர்களிடம்தான். வாசகர்கள் இன்றுவரை பேசித் தீராததும் இவர்களைப் பற்றித்தான்.

நாவல் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, முழுத் திட்டமும் தயாராகட்டும் என்று காத்திருப்பவர்களும், எதையும் யோசிக்காமல் ஆரம்பித்து நடுவில் நின்றுபோனவர்களும் டிக்கன்ஸின் தாளை ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். கதையில் எது மாறவே கூடாதோ அதை வலப்பக்கம் எழுதுங்கள். இடப்பக்கம் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். பதிலுக்கு அவசரப்பட வேண்டாம். அடுத்த அத்தியாயத்தை இன்றே தொடங்கிவிடுங்கள்.