திருத்தணி லோக்கல் ரயில் போய் நிற்கும் 'பொம்மைக் கடை'... மூர் மார்க்கெட் கதை தெரியுமா?

திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னைக்கு டிக்கெட் எடுப்பவர்கள், லோக்கல் ரயிலின் அட்டவணையில் கடைசி வரியைக் கவனித்திருக்கலாம். 'சென்ட்ரல்' என்று இருக்காது. 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று இருக்கும். ஒரு சந்தையின் பெயரில் ரயில் நிலையமா? ஆமாம். அதுவும் சாதாரணச் சந்தை அல்ல. பொம்மை, பழைய புத்தகம், காமிக்ஸ், விளையாட்டுச் சாமான், கூண்டுக்கிளி, கிராமபோன் தட்டு என்று எல்லாம் கிடைத்த இடம். ஒரே ஒரு சிக்கல், அந்தச் சந்தை இப்போது அங்கே இல்லை.

ஆர்.கே.பேட்டை பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை எல்லாம் தறிச் சத்தத்தோடு விடியும் ஊர்கள். பஸ் பிடித்துத் திருத்தணி வந்தால், அங்கிருந்து அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி வழியாகச் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்னை.

குழந்தைகளுக்கு வருஷத்தில் பொம்மை வாங்கும் நாள் என்றால் ஆடிக் கிருத்திகைதான். மலைக்கு 365 படி. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். காவடி பார்த்து, சாமி கும்பிட்டு இறங்கும்போது பிள்ளையின் கண் படியோரக் கடைகளிலேயே இருக்கும். ஊதல், பலூன், பிளாஸ்டிக் கார், சொப்புச் சாமான்... அப்பா பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். "அடுத்த வருஷம் வாங்கித் தர்றேன்டா கண்ணு" என்ற வசனம் அந்தப் படிகளில் எத்தனை முறை ஒலித்திருக்குமோ!

திருவிழாக் கடைகளின் அந்தக் கால ராஜா, தகரப் படகு. உள்ளே சின்னத் தகரக் கொப்பரை, அதிலிருந்து பின்பக்கம் நீட்டிய குழாய், அடியில் எண்ணெய்த் திரி. அவ்வளவுதான் எந்திரம். திரியை ஏற்றினால் கொப்பரைத் தண்ணீர் ஆவியாகி, குழாயில் இருக்கும் நீரைப் பின்னால் தள்ளும்; படகு முன்னே போகும். ஆவி குளிர்ந்ததும் குழாய் மறுபடி தண்ணீரை உறிஞ்சும். இப்படித் தள்ளித் தள்ளி, 'டப டப' என்று கத்திக்கொண்டே பாத்திரத்தைச் சுற்றிவரும். பேட்டரி கிடையாது, ரிமோட் கிடையாது. இன்றைய பிள்ளைகள் பார்த்தாலும் வாய் பிளப்பார்கள்.

திருவிழா ஒரு நாள்... மூர் மார்க்கெட் தினமும்!

பிராட்வே பக்கம் நெரிசலிலும் அசுத்தத்திலும் நடந்துகொண்டிருந்த பழைய சந்தைக்கு மாற்றாகச் சென்னை மாநகராட்சி கட்டியதுதான் மூர் மார்க்கெட். 1898-ல் அடிக்கல். 1900-ல் திறப்பு விழா. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரையே வைத்துவிட்டார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம், வளைவுகள், நடுவில் திறந்த முற்றம். பார்க்க அரண்மனை மாதிரி இருந்தாலும் உள்ளே போக டிக்கெட் வேண்டாம், நல்ல சட்டை வேண்டாம், பணம்கூட வேண்டாம்.

ஷோரூமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொம்மையைப் பார்க்கத்தான் முடியும். மூர் மார்க்கெட்டில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். பழைய புத்தகக் குவியலுக்கு முன் உட்கார்ந்தால், விலை கேட்பதற்குள் பாதிக் கதையை முடித்துவிடலாம்! பேரம் பேசத் தெரியாதவர்கள் ஏமாந்தார்கள் என்பதும் உண்மை. மூர் மார்க்கெட் விலை என்றால் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பாடம் எடுத்துத்தான் அனுப்புவார்கள்.

வெளியூர்க்காரர்களின் சென்னைச் சுற்றுலாவில் இது கட்டாய நிறுத்தம். அப்போது மிருகக்காட்சிச் சாலையும் இதன் பக்கத்திலேயே இருந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்'. உயிர் காலேஜில் புலியைப் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் புலி பொம்மை வாங்கி, ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு இன்று பேரன் பேத்தி இருப்பார்கள்.

இரண்டு மொழி, ஒரே படம்

திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து தமிழகத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1-ல். எல்லைக்கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை. இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கென்றே செய்ததுபோல ஒரு பத்திரிகை இருந்தது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'. தெலுங்கில் 'சந்தமாமா'. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் படத்தை யாரால் மறக்க முடியும்? அதை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் மறைந்தார். மறுவருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கொஞ்சம் சீக்கிரம் கொடுத்திருக்கலாம்!

காமிக்ஸ் அலை அதற்குப் பிறகு. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த ஹீரோவை நம்பி, பிளக் பாயின்ட் பக்கம் போன பிள்ளைகளுக்கு முதுகில் விழுந்த அடி தனிக்கதை. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் களமிறங்கின. புது இதழ் பெட்டிக்கடைக்கு வரும். கைமாறிக் கைமாறிப் பழசானதும் மூர் மார்க்கெட் மாதிரி இடங்களுக்கு வந்து சேரும். புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கும் கதை போய்ச் சேர்ந்தது இந்த இரண்டாம் கைச் சந்தையால்தான். இதைக் காமிக்ஸ் வரலாறு பேசுபவர்கள் அதிகம் சொல்வதில்லை.

அந்தச் சந்தை 1985 மே 30-ல் எரிந்தது.

ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கடைக்காரர்கள் காலிசெய்யத் தயாராக இல்லை. அந்தச் சமயத்தில் பிடித்த தீ என்பதால், அது எப்படிப் பற்றியது என்ற சந்தேகப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. புத்தகமும் தகரமும் மரமும் நிறைந்த இடம் எரிந்தால் என்ன மிஞ்சும்? 85 வருஷச் சந்தை முடிந்தது. அதே வருஷம் ஜூலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா திறக்கப்பட, உயிர் காலேஜும் நகருக்கு வெளியே போய்விட்டது. பிள்ளைகளுக்கு இலவசமாகவோ சில்லறைக் காசிலோ கிடைத்த இரண்டு இடங்கள் ஒரே கோடையில் சென்ட்ரலை விட்டுப் போயின.

சந்தை நின்ற இடத்தில்தான் இப்போதைய புறநகர் ரயில் முனையமும் அதன் உயரமான கட்டடமும் நிற்கின்றன. பழைய மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றை ஓரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். அரண்மனையை எடுத்துக்கொண்டு பொம்மை அரண்மனையைக் கொடுத்ததுபோல!

கடைக்காரர்கள் ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம், நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். பழைய கம்பீரம் இல்லை. நெருக்கமான கடைகள், மங்கலான வெளிச்சம். ஆனாலும் ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் அதுதான் மூர் மார்க்கெட். பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கமும், பேரமும் அப்படியே இருக்கின்றன.

பேரன் பேத்தியோடு திருத்தணியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கியதும் வெளியே ஓடாமல் அந்தச் சின்ன மாதிரிக் கட்டடத்தைத் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். பிறகு ரிப்பன் மாளிகையை ஒட்டி நடந்தால் அல்லிக்குளம். பேட்டரி பொம்மை என்றால் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள். பழைய காமிக்ஸ் கண்ணில் பட்டால் ஆசையை முகத்தில் காட்டாதீர்கள், விலை ஏறிவிடும். முத்து, லயன் புது இதழ்கள் வேண்டுமென்றால் இவ்வளவு அலையத் தேவையில்லை. சிவகாசியிலிருந்து இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, சந்தா கட்டினால் ஆர்.கே.பேட்டை வீட்டு வாசலுக்கே வரும்.

திரும்பும்போது திருத்தணி போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. அரக்கோணத்தோடு நின்றுவிடும் வண்டிகளே அதிகம்.