வாளேந்திய வளைக்கை

நாஞ்சில் நாட்டில் படைக்கலப் பயிற்சி புதியதன்று. சிலம்பமும் அடிமுறையும் இங்கு ஆசான்மார் வழிவழியாகப் பேணி வந்த கலைகள். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்வோர் அங்குள்ள படைக்கலக் கூடத்தில் பழைய வாள்கள் வைக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அவற்றைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. வாளும் வீரமும் ஆடவர்க்கே உரியனவோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஒருவர் உளர். அவரே பவானி தேவி.

அவர் 1993 ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். தந்தையார் கோயில் அருச்சகர். தாயார் இல்லறம் பேணியவர். 2004 இல் பள்ளியில் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வேளை வந்தபோது ஏனைய விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது, வாள்வீச்சே எஞ்சியிருந்தது. தற்செயலாய்க் கிடைத்ததனையே அவர் வாழ்வின் குறிக்கோளாக்கிக் கொண்டார். வாளோ விலை மிகுந்தது. ஆதலின் தொடக்கத்தில் மூங்கிற்கழி கொண்டு பயின்றார்.

வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என மூவகை உண்டு. பவானி தேவி தேர்ந்தது சேபர். இதில் வாளின் முனையாலும் விளிம்பாலும் எதிரியைத் தொடலாம். ஆனால் இடுப்பிற்கு மேற்பட்ட உடற்பகுதியைத் தொட்டால்தான் புள்ளி கிடைக்கும். வெளியேற்றுச் சுற்றில் முதலில் 15 புள்ளி பெறுபவர் வென்றவராவர். யாவும் கண்ணிமைக்கும் பொழுதில் நிகழ்ந்துவிடும். ஆதலின் உடல் வலிமையினும் விரைவும், விரைவினும் எதிரியின் கருத்தை முன்னுணரும் நுண்ணறிவும் மிகுதியும் வேண்டப்படும்.

பதினான்காம் வயதில் அவர் துருக்கி நாட்டிற்குச் சென்றார். அதுவே அவர் கலந்துகொண்ட முதல் அயல்நாட்டுப் போட்டி. களத்திற்கு மூன்று நிமிடம் தாழ்த்து வந்தமையால் கறுப்பு அட்டை காட்டி விலக்கப்பட்டார். அத்துணைத் தொலைவு சென்றும் வாளை வீசாமலே மீள்வதென்றால் இளம் உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும்! ஆயினும் அவர் வாளைக் கீழே வைத்தாரல்லர். கேரளத்துத் தலைச்சேரியிலும் பின்னர் இத்தாலியிலும் தங்கிப் பயின்றார். 2018 இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம் வென்றார்.

உற்றாரைப் போரில் இழந்தபின்னும் தன் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பிய தாயைப் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியுள்ளார். பவானி தேவியின் தாயாரோ தம் நகைகளை அடகு வைத்து மகளைக் களத்திற்கு அனுப்பினார். மகளை அனுப்பிய இத்தாயின் துணிவும் போற்றற்குரியதே.

2020 ஆம் ஆண்டிற்குரிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021 இல் நடைபெற்றன. ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவின் சார்பில் முதன்முதலாகக் களமிறங்கியவர் பவானி தேவியே. அவர் துனிசியா நாட்டு நாடியா பென் அஸீஸியை 15–3 என வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சு நாட்டு மனோன் புரூனேயிடம் 7–15 எனத் தோற்றார். தோல்விக்குப் பின் அவர் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அது என் நெஞ்சை உருக்கியது. எவரும் செல்லாத வழியில் முதலடி வைத்தவர் மன்னிப்புக் கோரவும் வேண்டுமோ? நன்றி கூறவேண்டியவர் நாமல்லரோ?

ஈராண்டுகள் கழிந்தன. 2023 இல் சீனத்து வூசி நகரில் ஆசியப் போட்டி நடைபெற்றது. அங்கு, முந்திய ஆண்டில் உலக வாகை சூடிய ஜப்பானிய வீராங்கனை மிசாகி எமுராவை அவர் 15–10 என வென்றார். அரையிறுதியில் ஒரே புள்ளியில் வெற்றி நழுவிற்று. எனினும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஆசிய வாள்வீச்சில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற்பதக்கம் அதுவே.

மாணவ மாணவியரே! ஆசிரியப் பணியில் நான் கண்ட ஓர் உண்மையைக் கூறுகின்றேன். கால்விரைவும் கைத்திறனும் வாய்ந்த சிறுமியர் பலர், குறித்த ஒரு வயதிற்குப் பின் ஆடுகளத்திற்கு வாராமலே நின்றுவிட்டனர். அவரிடம் ஆற்றல் குறைந்ததில்லை. 'போய் வா, மகளே' எனச் சொல்ல வீட்டில் ஒருவர் இலர். நும் தங்கையோ தோழியோ சிலம்பக் கழியை ஏந்த விரும்பினால் நகையாதீர். அவளுக்காக வீட்டாரிடம் ஒரு சொல் பேசுங்கள். பெற்றோராகும் நாளில் அச்சொல்லை நீங்களே கூறுங்கள்.