சுளையில்லாத பலா

பழம் என்றதும் நமக்கு நாக்குதான் முந்திக்கொள்கிறது. இனிக்குமா, புளிக்குமா, சுளை கனமாக இருக்குமா என்று கேட்கிறோம். ஆனைமலையின் மழைக்காட்டில் இக்கேள்விகளுக்கு அதிக மதிப்பில்லை. அங்கே பழுப்பவற்றில் பெரும்பாலானவை நம்மை உத்தேசித்துப் பழுப்பவை அல்ல.

வெடிப்பலா அப்படியொன்று. பெயரில் பலா இருந்தாலும் பலாவுக்கு உறவில்லை. மலேயாவிலும் போர்னியோவிலும் மக்கள் உயிரை விடும் டுரியானுக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதே உருண்டை, அதே முள். ஆனால் டுரியானில் நாம் சுவைப்பது விதையைச் சூழ்ந்திருக்கும் சதையை. வெடிப்பலாவில் அது இல்லையென்றே சொல்லலாம். குல்லேனியா எக்ஸாரில்லேட்டா என்ற அதன் தாவரவியல் பெயரே அந்த இல்லாமையைத்தான் குறிக்கிறது. ஒரு பழத்தை, அதனிடம் இல்லாத ஒன்றைச் சொல்லி அழைப்பது முதலில் வேடிக்கையாகப் பட்டது. பிறகு, சற்று அநியாயமாகவும்.

ஏனெனில் சோலைமந்திக்கு அங்கே எந்தக் குறையும் தெரிவதில்லை. சிங்கவால் குரங்கு என்று நாம் பரவலாக அழைக்கும் இந்த விலங்கு மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. வெடிப்பலா கிளைகளை ஒட்டியே கொத்துக்கொத்தாகப் பூக்கும். இதழே இல்லாத, சதைப்பற்றுள்ள பூக்கள். பிற பழங்கள் அருகிய மாதங்களில் மந்திகள் அவற்றில் பசியாறுகின்றன. வௌவால்களும் தேனுக்கு வருகின்றன. காய் முற்றியதும், அது தானாக வெடிக்கும் முன்பே, முள்தோட்டைப் பிய்த்து விதைகளைத் தின்றுவிடுகின்றன. மலையணிலும் பங்குக்கு வரும். மரத்தடியில் கிடந்த வெற்றுத் தோடு ஒன்றைக் கையில் எடுத்தேன். அடுத்த கணமே போட்டுவிட்டேன், அவ்வளவு கூர்மை. மந்தியின் விரல்கள்மேல் பெரும் மரியாதை வந்தது.

காட்டுச் சாதிக்காயின் கதை வேறு. அதன் விதையைச் சிவப்பான பத்திரி போர்த்தியிருக்கும். அதன் உறவான சாதிக்காய் மரத்தின் பத்திரிதான் நம் பிரியாணியில் மணக்கிறது. இருவாச்சி அதை முழுதாக விழுங்கி, பத்திரியை வயிற்றில் கழற்றிக்கொண்டு, விதையை வேறெங்கோ கக்கிவிடுகிறது. மரம் கொடுத்த கூலி அந்தச் சிவப்பு.

வால்பாறைப் பீடபூமியில் 1890களிலிருந்து காடழித்துத் தேயிலையும் காப்பியும் நட்டார்கள். எஞ்சியவை தீவுகள்போல் நிற்கும் துண்டுக் காடுகள். ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்துக் காடு நூறு ஹெக்டேருக்கும் குறைவு. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள். உச்சிக்கிளையை விட்டு எளிதில் இறங்காத இந்த இனம் இங்கே தார்ச்சாலையில் நடக்கிறது, குப்பைத்தொட்டியைக் கிளறுகிறது, கூரையைப் பிரிக்கிறது. குறிஞ்சிப் பாடல்களில் மந்தியும் பலாவும் பிரியாதவை. அந்த மந்தி அடுக்களைக்குள் வந்து நிற்கும்போது அழகியல் உதவுவதில்லை.

தோட்டக் குடியிருப்பில் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அரிசிப் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போனதைச் சொன்னார். இது அரிய விலங்கு, உலகத்தில் சில ஆயிரம்தான் மிச்சம் என்று நான் ஆரம்பித்தேன்.

"அது தெரியும் தம்பி. படம் புடிக்க வர்றவங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான் போறாங்க. ஓடு மாத்தித் தர்றதுக்குத்தான் யாரும் வர்றதில்ல."

என்னிடம் பதில் இல்லை. அவரை விரோதியாகக் காட்டும் எந்தக் காட்டுயிர்க் கட்டுரையையும் இனி என்னால் முழுதாக நம்ப முடியாது. அவர் வீடும் அந்தக் காடும் ஒரே தோட்டக் கணக்கில் மிச்சம் விடப்பட்டவைதாம்.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டியில் அடிபடாமல் மந்திகள் கடப்பதற்காக. அன்று மாலை, குட்டியை வயிற்றில் கவ்விய தாயொன்று அதன் வழியே மெதுவாகப் போயிற்று. கீழே ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஒரு கை பிஸ்கட்டை நீட்டியது.

பாலத்தின் நடுவில் தாய் நின்று, கீழே பார்த்தது.