மிதிப்பவர்கள் வரைந்த பாதை

ஹாலந்து தேசத்தின் கிழக்கு ஓரத்தில் நைமேகன் என்ற புராதன நகரம் ஒன்று இருக்கிறது. அதன் காலடியில் ஓடும் பெருநதிக்கு வால் என்று பெயர். பெயரைக் கேட்டு, ஏதோ நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாய்க்கால் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ரைன் மகாநதியின் தண்ணீரில் பெரும் பகுதி இந்த 'வால்' வழியாகத்தான் கடலை நோக்கிப் போகிறது!

இந்த நதியின் மேல் ஒரு ரயில் பாலம் உண்டு. 2004-ஆம் வருஷத்தில் அந்தப் பாலத்தின் விலாப்புறத்தில் சைக்கிள்காரர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் ஒரு தனிப் பாலத்தை ஒட்டவைத்தார்கள். அதன் பெயர் 'ஸ்நெல்பிண்டர்'. சைக்கிளின் பின்புறக் கேரியரில் சாமானை வைத்து இறுக்கிக் கட்டுகிறோமே, அந்த ரப்பர் பட்டைக்கு டச்சு பாஷையில் அதுதான் பெயர். ரயில் பாலத்தோடு சேர்த்துக் கட்டிய பாலத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! நம் ஊராக இருந்தால் யாராவது ஒரு மந்திரியின் பெயரைச் சூட்டித் திறப்பு விழாவும் நடத்தியிருப்போம்.

நைமேகனிலிருந்து ஆர்ன்ஹெம் நகரத்துக்குப் போகும் சைக்கிள் பாதை 2015-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 16 கிலோமீட்டர். இரண்டு நதிகளுக்கு நடுவே கிடக்கும் பெட்டுவே என்ற அந்தப் பிரதேசம் ஆப்பிள், பேரி, செர்ரித் தோட்டங்களுக்குப் பெயர் போனது. வசந்த காலத்தில் வழி நெடுகிலும் மரங்கள் பூத்துச் சொரியும். ஆனால் என்னைக் கவர்ந்தது பூக்களைக் காட்டிலும் பாதைதான். சிவந்த நிறத் தார்ப்பரப்பு. இரண்டு பேர் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் போகலாம், எதிரே வருகிறவர் திட்ட மாட்டார். பெரிய மோட்டார் சாலை குறுக்கிடும் இடத்தில் பாதை அதற்கு அடியில் புகுந்து வெளியே வந்துவிடுகிறது. நைமேகன், ஆர்ன்ஹெம் என்ற இரு நகரங்களையும், நடுவிலுள்ள ஓவர்பெட்டுவே, லிங்கெவார்டு என்ற இரண்டு கிராமப்புற முனிசிபாலிடிகளையும் இப்பாதை தொட்டுச் செல்கிறது. ஆனால் ஓர் எல்லை முடிந்து மற்றோர் எல்லை ஆரம்பிக்கும் இடம் எது என்பது சைக்கிள் மிதிக்கிறவனுக்குத் தெரிவதே இல்லை. எல்லைக் கோடு வந்ததும் சாலை பல்லைக் காட்டும் தேசங்களில் பிரயாணம் செய்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

"அதெல்லாம் பணமுள்ள தேசம் ஐயா! எஞ்சினியர்கள் வரைந்தார்கள், சர்க்கார் போட்டது" என்று சிலர் சொல்லக்கூடும். எஞ்சினியர்கள் வரைந்தது மெய்தான். ஆனால் இப்படி வரைய வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் சைக்கிள் மிதித்த சாமானிய ஜனங்கள். அந்தக் கதை ஐம்பது வருஷத்துக் கதை. அதில் கண்ணீரும் உண்டு.

ஹாலந்து தேசம் ஆதியிலிருந்தே சைக்கிளின் சொர்க்கமாக இருந்தது என்று நினைப்பது தவறு. சைக்கிள்கள் ஏராளமாய் இருந்தன, மரியாதைதான் இல்லை. 1924 முதல் 1941 வரையில் சைக்கிளுக்கு அங்கே வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகச் சிறு உலோகத் தகடு ஒன்றைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பரம ஏழைகளுக்குத் தகட்டை இலவசமாய்க் கொடுத்தார்கள். ஆனால் அதன் நடுவில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார்கள். தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அந்தத் துளையைப் பார்த்து, 'இவன் ஏழை' என்று தெரிந்துகொள்ளலாம்! தர்மம் செய்கிற சர்க்காருக்கு இப்படியும் ஒரு புத்தி.

1883-இல் சைக்கிள் பிரியர்களால் ஆரம்பிக்கப்பட்ட பெரிய சங்கம் ஒன்று அங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டுவதற்காக அது 1919 முதல் நாட்டிய காளான் வடிவக் குறிகளை வயல் வரப்புகளில் இப்போதும் காணலாம். ஆனால் நாளடைவில் அதன் அங்கத்தினர்கள் மோட்டார் வாங்கினார்கள். சங்கமும் மோட்டார் சங்கமாகிவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு தேசம் செழித்தது. சாலைகள் அகன்றன, சைக்கிள்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. 1971-ஆம் வருஷத்தில் மட்டும் சாலை விபத்துக்களில் ஏறக்குறைய 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

அவ்வாறு இறந்த குழந்தைகளில் ஒருத்தி, விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். பள்ளிக்கூடம் போகும் வழியில் மோட்டார் மோதி இறந்தாள். 1972-இல் அந்தத் தகப்பனார் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. விபத்து என்று ஊரார் சொல்லி வந்ததைக் கொலை என்று அவர் சொன்னார். அந்தச் சொல் தேசத்தைச் சுட்டது. அதே பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. தாய்மார்கள் குழந்தைகளோடு தெருவில் இறங்கி, மோட்டார்களை நிறுத்திவிட்டு அங்கே விளையாடச் செய்தார்கள். மார்ட்டியே வான் புட்டன் என்ற இளம் தாயார் இயக்கத்தின் முதல் தலைவியானார். பிரதம மந்திரி டென் அய்லின் வீட்டு வாசலுக்கே சைக்கிளில் கூட்டமாய்ப் போய்ப் பாட்டுப் பாடினார்கள். அவரும் வெளியே வந்து கேட்டார்.

1975-இல் சைக்கிள்காரர்கள் தங்களுக்கென்று ஒரு புதுச் சங்கம் கண்டார்கள். பழைய சங்கத்தைக் குத்திக் காட்டுவதற்காகவே, 'முதலாவதும் ஒரே அசலுமான டச்சு சைக்கிள்காரர் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, ஆபத்தான சாலைகளில் இரவோடிரவாகச் சாயக் குச்சும் வாளியுமாகப் போய்த் தாங்களே சைக்கிள் பாதைக் கோடு போட்டுவிடுவது. போலீஸார் பிடித்துப் போவார்கள், பத்திரிகையில் செய்தி வரும், முனிசிபாலிடி விழித்துக்கொள்ளும். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் இன்னொன்று. எந்தத் திருப்பத்தில் லாரி தெரிவதில்லை, எந்தச் சந்தியில் குழந்தைகள் தடுமாறுகிறார்கள், எந்தப் பாலத்தில் கைப்பிடியை உரசிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று ஊர் ஊராகத் தாங்களே பார்த்துப் பட்டியல் தயாரித்தார்கள். அதிகாரிகளிடம் கோஷம் போட்டதோடு நில்லாமல் கணக்கும் கொடுத்தார்கள். கோஷத்தைக் கேளாதிருக்கலாம், கணக்கைத் தட்டுவது சிரமம்.

சர்க்காரும் அதே சமயத்தில் சோதனையில் இறங்கிற்று. ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களிலும் ஊரின் நடுவே ஒரு முதல் தரமான சைக்கிள் பாதையைப் பெரும் செலவில் போட்டார்கள். ஹேக் நகரத்துக் கடைக்காரர்கள் வியாபாரம் கெட்டுவிட்டதென்று கூக்குரலிட்டார்கள். அது கிடக்கட்டும். கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. புதுப் பாதையில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் போய்க்கொண்டிருந்தவர்களே பெரும்பாலும் அதற்கு மாறியிருந்தார்கள். புதிதாய்ச் சைக்கிள் ஏறியவர்கள் அதிகமில்லை. ராஜபாட்டை ஒன்று இருந்தென்ன? வீட்டு வாசலிலிருந்து ராஜபாட்டை வரையில் போக உயிருக்குப் பயமாயிருந்தால் யார் வருவார்கள்?

இதற்குப் பதில் சொன்ன ஊர் டெல்ஃப்ட். பீங்கானுக்குப் பேர் போன அந்தச் சிறிய நகரத்தில் 1979-இல் ஒரு திட்டம் போட்டு, 1980-களில் நிறைவேற்றினார்கள். ஒரு பெரிய பாதைக்குப் பதிலாக ஊர் முழுவதும் ஒரு வலை பின்னினார்கள். சுமார் 500 மீட்டருக்கு ஒன்றாக நகரப் பாதைகள். அவற்றுக்குள்ளே 200, 300 மீட்டருக்கு ஒன்றாகப் பேட்டைப் பாதைகள். அதற்கும் உள்ளே குழந்தைகளும் கிழவர்களும் போகக்கூடிய சின்னஞ்சிறு சந்துகள். அறுந்து கிடந்த இழைகளை முடிச்சுப் போட்டதுதான் முக்கியமான வேலை. எந்த இழை எங்கே அறுந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தினந்தோறும் அந்த இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கல்லவா தெரியும்!

நைமேகன் பக்கத்துப் பாதையோரப் பெஞ்சு ஒன்றில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். பள்ளிக்கூட ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். தம் பேட்டையின் பாதைகளையெல்லாம் சங்கத்துக்காக மிதித்துப் பார்த்துக் குறிப்பெடுப்பவர். செங்கல் பாவியதா, தார் போட்டதா, விளக்கு உண்டா, வேர் கிளம்பியிருக்கிறதா, மோட்டார்கள் அதிகமா என்று தொண்டர்கள் இப்படிச் சேர்த்த விவரங்களைக் கொண்டுதான் சங்கத்தின் வழிகாட்டும் படம் நடக்கிறது. குறுக்கு வழி வேண்டுமா, மோட்டார் இல்லாத வழி வேண்டுமா என்று அதைக் கேட்டு அறியலாம்.

"இவ்வளவு நல்ல பாதைகளில் குறிப்பெடுக்க இன்னும் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் தோட்டத்துப் பக்கம் பிரிந்த ஒரு கிளைப் பாதையைக் காட்டினார். "நீங்கள் வெயில் அடிக்கும்போது வந்திருக்கிறீர்கள். நவம்பர் மாதம், மழை, மாலை ஐந்து மணி. அந்த வழியாக என் பேத்தி தனியாக வீட்டுக்கு வர வேண்டும். வரைபடத்தில் நவம்பர் மாதம் கிடையாதே!" என்றார்.

அந்த ஊரில் நவம்பர் கடைசியில் நாலரை மணிக்கே சூரியன் அஸ்தமித்துவிடுகிறது.

ஊருக்கு வெளியே, பல கிராமங்களை இணைக்கும் நீண்ட பாதைகளுக்கு ஒரு விசித்திரமான உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது பக்கத்து பெல்ஜியத்தில் லிம்பர்க் ஜில்லாவில் 1995-இல் தோன்றியது. கண்டவர் ஹியூகோ போலன் என்ற நிலக்கரிச் சுரங்க எஞ்சினியர். சுரங்கத்தை மனத்தில் வைத்து, பூமியின் மேல் சைக்கிள் பாதைகள் கூடும் சந்திகளுக்கெல்லாம் எண் கொடுத்தார். ஊர்ப் பெயர் ஒன்றும் தெரிய வேண்டாம். 12, 47, 33 என்று காகிதத்தில் எழுதிக்கொண்டால் போதும், பலகையைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேரலாம். சுரங்கங்கள் மூடப்பட்டுப் பிழைப்புக் கெட்டிருந்த அந்த ஜில்லாவுக்கு இப்போது பிரயாணிகள் தேடி வருகிறார்கள். ஹாலந்தும் இந்த முறையைத் தழுவி நாடெங்கும் பரப்பிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஆம்ஸ்டர்டாமின் தேசியக் கலைச்சாலைக்கு அடியில் சைக்கிள்கள் போகும் வழி ஒன்று வெகு காலமாய் உண்டு. 2003-இல் கட்டடத்தைப் புதுப்பிக்க மூடியபோது, அந்த வழியில் பெரிய வாசல் அமைக்கலாம், சைக்கிள்கள் வேறு பக்கம் போகட்டும் என்று திட்டம் வந்தது. சங்கமும் அக்கம்பக்கத்தாரும் பிடிவாதமாய் மல்லுக்கு நின்றார்கள். பத்து வருஷங்களுக்குப் பிறகு, 2013-இல், கலைச்சாலையும் திறந்தது. சில வாரங்களில் சைக்கிளுக்கும் வழி விட்டார்கள். ரெம்பிராண்டின் சித்திரங்களுக்கு அடியில் மீன் கூடையோடு மிதித்துப் போவதில் கலைக்கு ஒன்றும் குறைவு ஏற்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2023-இல் அந்தத் தேசத்துச் சாலைகளில் இறந்தவர்கள் 684 பேர். 1971-ஓடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் அவர்களில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் வயோதிகர்கள். மின்சார சைக்கிளின் வேகமும், மோட்டார்களைத் தடுக்கப் பாதையின் நடுவில் நட்ட சிறு கம்பங்களும் முதியவர்களைத் தள்ளிவிடுகின்றன. அந்தக் கம்பங்களைப் பிடுங்கச் சொல்லித்தான் சங்கம் இப்போது ஊர் ஊராய் முறையிடுகிறது. மொராக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்கள் பலர் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் விடக் கற்றுக்கொள்கிறார்கள். அதற்கென்று வகுப்புக்கள் நடக்கின்றன. முதல் தடவை தெருவில் இறங்கும் அந்த அம்மாளுக்கு எந்தச் சந்தியில் கால் நடுங்குகிறது என்பதை, முப்பது வருஷம் மிதித்துப் பழகிய தொண்டரால் ஊகிக்க முடியாது. கூட்டம் போடும்போது அவளுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அவள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்திலும் போட வேண்டும்.