மூன்றாம் ஆள் படித்த கடிதங்கள்

முதல் உலகப் போருக்காக 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. குளிரும் சேறும் பழகுவதற்குள் அவர்கள் பதுங்குகுழிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கூடவே, அவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் படித்துப் பார்க்க ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரியையும் அரசாங்கம் அமர்த்தியது. உருது, குர்முகி, இந்தி என்று வந்து குவிந்த கடிதங்களில் முக்கியமாகத் தோன்றியவற்றை அவருடைய ஆட்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அவற்றைத் தொகுத்து வாரா வாரம் மேலிடத்துக்கு அறிக்கை போனது. அந்தப் பிரதிகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து ஒரு பகுதியைத் தொகுத்து 1999இல் நூலாக வெளியிட்டார்.

அதைப் படிக்கும்போது ஒன்று மனத்தை அறுக்கிறது. சிப்பாய் எழுதிய மூலக் கடிதம் பெரும்பாலும் கறையானுக்கும் மழைக்கும் போய்விட்டது. அவனை நம்பாதவர்கள் எடுத்து வைத்த நகல்தான் தப்பியிருக்கிறது.

தணிக்கை இருப்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால் மிளகைப் பற்றி எழுதினார்கள். கருப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரன். கருப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று எழுதினால் போதும், ஊரில் இருப்பவர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். தணிக்கை அதிகாரிகளும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சாவைக்கூட இப்படி மறைத்துச் சொல்லிவிடலாம். மனைவியைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்பதை எந்த மிளகில் சொல்வது? பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த இன்னொருவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை ஹோவெலின் ஆட்கள் படிப்பார்கள். ஊரில் அப்பாவோ அண்ணனோ யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இத்தனை பேரைத் தாண்டித்தான் அது அவள் காதுக்குப் போகும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பெரியப்பா ராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தார். வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். 1971 டிசம்பர் போரின்போது பெரியப்பா மேற்கு எல்லையில் இருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண்தான் முகவரி. கிழக்கே இருப்பவர்களுக்கு 99 ஏ.பி.ஓ. அந்தந்தப் பக்கத்துக்குள் படைப்பிரிவு எங்கே நகர்ந்தாலும் இந்த எண் மாறாது. படைப்பிரிவின் பெயரை எழுதி அந்த எண்ணைப் போட்டுவிட்டால், ராணுவத் தபால்காரர்கள் அது இருக்கும் இடத்தைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய தபால் வேலையை நான் அறியேன்.

அந்த டிசம்பர் மாத இன்லாண்டு லெட்டர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தாத்தாவுக்கு எழுதியது. தாம் நலம், மற்றவர்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குகிறது. கம்பளிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ரேடியோவில் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சிவப்புப் பசு கன்று போட்டதா? மேற்குச் சுவருக்கு ஓலை சாத்தினீர்களா? சொசைட்டிக் கடனுக்கு இந்த மாத மணியார்டரில் கட்டிவிடவும். கடைசியில், மடித்து ஒட்டும் ஓரத்தில், வீட்டில் கால் வலிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லவும், தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் என்றால் பெரியம்மா. முழுக் கடிதத்திலும் அவருக்கு அந்த ஒரு வரிதான்.

அந்த நாட்களில் சாப்பர்களின் வேலை என்ன என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தேன். மேற்கு எல்லையில் சக்கர்கட் பகுதியில் டாங்கிகள் முன்னேற வேண்டுமானால், சாப்பர்கள் அவற்றுக்கு முன்னால் போய்க் கண்ணிவெடி வயல்களில் பாதை திறக்க வேண்டும். இருட்டில், குண்டு விழும்போதே செய்ய வேண்டிய வேலை. பெரியப்பா அங்கே இருந்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்கே இருந்திருந்தாலும் அந்த டிசம்பரில் ஒரு சாப்பர் மேற்குச் சுவரையும் பசுவையும் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். அதை வறட்டுக் கடிதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுவர் நனைந்தால் அதை ஒட்டிப் படுப்பது பெரியம்மா. பசுவுக்குத் தண்ணீர் காட்டுவது அவர். கடன்காரனுக்குப் பதில் சொல்வதும் அவரே. கேள்வி ஒவ்வொன்றும் அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறது.

பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் படித்துக் காட்டுவேன். படிக்க ஆரம்பிப்பதற்கு முன் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெரியப்பா ஓரங்களில்கூட இடம் விடாமல் எழுதுகிறவர். ஒருமுறை பாதிப் பக்கம் காலியாக வந்தது. நான் வாயைத் திறக்குமுன், “எடம் உட்டிருக்காரு பாரு, ஒடம்பு சரியில்ல” என்றார். அந்த முறை நிஜமாகவே காய்ச்சல். விடுப்பில் வந்தபோதுதான் பெரியப்பா அதை ஒப்புக்கொண்டார்.

அப்போது மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருந்தது. பணத்தைத் தாத்தா வாங்கிக்கொள்வார். அந்தத் துண்டு பெரியம்மாவுக்கு. மாதாமாதம் வந்த துண்டுகளை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ‘நலம்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் அவற்றில் எதுவும் இராது.

பதிலையும் நான்தான் எழுதினேன். பசு காளைக்கன்று போட்டது, ஓலை சாத்தியாயிற்று, கால் வலி தேவலை. இவ்வளவுதான் சொல்வார். பல வருஷம் கழித்து, அவருடைய முதுமையில், வேறு என்ன எழுத நினைத்தீர்கள் பெரியம்மா என்று கேட்டேன். “அவரு கேட்டதுக்குப் பதில் எழுதச் சொன்னேன். நான் கேக்கணும்னு இருந்தத உன்ன வெச்சிக்கினு எப்பிடிச் சொல்றது? நீ சின்னப்புள்ள” என்றார்.

ஹோவெலின் மேசையைத் தாண்டி ஊரிலிருந்து சிப்பாய்க்குப் போன கடிதங்களும் உண்டு. அவற்றில் மனைவிமார் சொல்லி எழுதியவை மிகக் குறைவு. பிற்காலப் போர்களிலும் பெண்கள் அனுப்பியவைதான் முதலில் அழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகாம் மாறிக்கொண்டே இருக்கும் சிப்பாய் எதைத்தான் சுமப்பான்? 1962, 1965, 1971 என்று போருக்குப் போனவர்களின் மனைவிமாரில் பலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்களாக. டிரங்குப் பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் பிள்ளைகள் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அதோடு, எழுதாமல் விட்டது என்ன என்று அவர்களிடமே இந்த வருஷமே உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் பெரியம்மாவிடம் நான் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த கேள்வியை நீங்கள் உங்கள் வீட்டில் கேளுங்கள்.