ஓக் மரக் காட்டில் ஒரு காலைப் பொழுது

ஸ்காட்லாந்து போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “குளிர் எப்படி இருந்துச்சு?” என்பதுதான். குளிர் கிடக்கட்டும். அந்தக் காட்டுக்கும் கடற்கரைக்கும் நான் தனியாகப் போய் வந்தேன் என்பதை எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை!

சென்ற ஆண்டு ஜனவரியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். காயம் ஆறிவிட்டது. டாக்டரம்மாவும் “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டார். ஆனால் மனசு எதிலும் ஒட்டவில்லை. அடுப்படியில் நிற்கும்போதே காரணமில்லாமல் கண்ணீர் வரும். “படுத்துக்கோயேன்” என்பார் என்னவர். படுத்தால் இன்னும் மோசம். கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் எங்கள் மகள், “அம்மா, ஒரு மாசம் இங்க வந்து இரு” என்று அக்டோபரில் டிக்கெட் அனுப்பினாள்.

மேற்குக் கரையோரம் நாலு நாள் புகைப்படச் சுற்றுலா. எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்கு லீவு இல்லை என்று ஆகிவிட்டது. “நீ போம்மா, என் கேமராவை எடுத்துக்கோ” என்றாள். என் இங்கிலீஷ் பிளஸ் டூவோடு நின்றுபோனது. கேமராவிலோ பட்டனைத் தொடவே பயம். கட்டின பணம் திரும்பி வராது என்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தேன். நம் குணம் அது, என்ன செய்வது!

வேனில் ஆறு பேர், வழிகாட்டி ஒருவர். கிளென்கோ மலைகளைத் தாண்டி, காரன் என்ற இடத்தில் வேனோடு படகில் ஏறினோம். ஐந்து நிமிஷத்தில் அக்கரை. அங்கிருந்து ஸ்ட்ரோன்ஷியன் என்ற சின்ன ஊர். ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகத்துக்குப் பெயர் வந்தது இந்த ஊரால்தான். 1790-ல் இங்குள்ள ஈயச் சுரங்கத்துத் தாதுவில்தான் அதை அடையாளம் கண்டார்கள். தீபாவளி மத்தாப்பில் சிவப்பு வருகிறதே, அது இந்த உலோகத்தின் உப்பு தருகிற நிறம். இதைக் கேட்டதும் ஊர் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது எனக்கு.

காலையில் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி. கையோடு கொண்டுபோன பருப்புப் பொடி ராத்திரிக்கு ஆச்சு. ராத்திரி மலைப் பக்கம் எருமை கத்துவது போல ஒரு சத்தம். விசாரித்தால், அக்டோபரில் ஆண் மான்கள் இணை தேடி இப்படித்தான் உறுமுமாம்.

இரண்டாம் நாள் ஆர்ட்னமர்க்கன் முனை. 1849-ல் கட்டின கலங்கரை விளக்கம், 36 மீட்டர் உயரம். பக்கத்திலேயே சன்னா கடற்கரை. சிப்பி நொறுங்கி நொறுங்கி ஆன வெள்ளை மணல், எதிரே ரம், எய்க் தீவுகள். அரை நிமிஷம் கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்தால், அலை எல்லாம் பொங்கி அடங்கின பால் மாதிரி படத்தில் விழுகிறது. அழகுதான். ஆனால் ஆறு பேர் படமும் ஒன்று போலவே இருந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மூன்றாம் நாள் மழைத் தூறல். “காட்டுக்கு இதுதான் நல்ல நாள்” என்றார் வழிகாட்டி. வெயில் அடித்தால் ஓரிடம் வெளுப்பு, ஓரிடம் கறுப்பு என்று படம் கெட்டுவிடும். மேகம் மூடினால் எங்கும் ஒரே வெளிச்சம். ஈர இலை பளபளத்துக் கண்ணைக் கூசினால், லென்ஸ் முனையில் ஒரு கண்ணாடி வளையத்தை மாட்டித் திருப்புகிறார்கள். பளபளப்பு அடங்கிப் பச்சை மேலே வருகிறது. தூறலில் லென்ஸைத் துடைக்க நான் பழைய வேட்டித் துணி வைத்திருந்தேன். அவர்களுடைய துணியெல்லாம் நனைந்துவிட, வழிகாட்டி முதற்கொண்டு ஆளுக்கொரு துண்டு கிழித்துக் கொடுத்தேன்!

சுனார்ட் ஏரிக்கரை ஓக் காடு அது. கடலின் கை ஒன்று உள்ளே நீண்டு வந்ததைத்தான் அங்கே ஏரி என்கிறார்கள். ஓயாத மழையால் அடிமரம், கிளை, பாறை எல்லாவற்றிலும் பாசி மெத்தை. கிணற்றடி வாசனை. மரத்தில் கீரை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. நுரையீரலைப் போல இருப்பதால் அந்தக் காலத்தில் அதை நெஞ்சு நோவுக்கு மருந்தாகக் கொடுத்தார்களாம். சுத்தமான காற்றில்தான் அது வளருமாம்.

அங்கே பல மரங்களுக்கு ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டு. ஏன் என்று கேட்டேன். முன் நூற்றாண்டுகளில் இரும்பு உருக்கக் கரி வேண்டியும், தோல் பதனிடப் பட்டை வேண்டியும் இந்த மரங்களை அடியோடு வெட்டினார்களாம். வெட்டின அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்தவை இவை. “செத்ததுன்னு எதையும் தோண்டி எறியலை. விட்டுட்டுக் காத்திருந்தாங்க” என்கிற மாதிரி சொன்னார். அவர் பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது, அது புரிந்தது.

கனமான ஸ்டாண்டை அவரே தூக்கி வந்து ஒரு மரத்தின் முன் நிறுத்திக் கொடுத்தார். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் நகரவில்லை. தூறல் நின்றது, திரும்ப வந்தது. மூடுபனி மேலே ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டபோது மணி ஒன்று. காலையிலிருந்து என் வயிற்றைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசி நாள் டியோரம் கோட்டை. கடல் வற்றும்போது மட்டும் மணல் வழியே நடந்து போகலாம். நேரம் குறித்துச் சொல்லியும் நான் கல்லையும் பாசியையும் எடுத்துக்கொண்டே நின்றுவிட்டேன். விசில் ஊதினார்கள். திரும்பிப் பார்த்தால் வழியில் தண்ணீர்! கேமராவை மார்போடு கட்டிக்கொண்டு ஓடினேன். ஷூவெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கி, வேனில் ஏறி ஏனோ சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஓடினது அன்றைக்குத்தான்.

(போகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள். தண்ணீர் புகாத ஷூ, இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் அவசியம். கோடையில் போனால் மிட்ஜ் என்கிற குட்டிக் கொசு பிடுங்கும். முகத்துக்கு வலை வேண்டும்.)

மகள் படங்களைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, நாற்பது படமும் ஒரே மரம்!” என்றாள். அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு படியும் என்கிறார் என்னவர். படிந்தால் துடைத்துக்கொள்கிறேன். வேட்டித் துணி இன்னும் மிச்சம் இருக்கிறது.