நானும் என் நஹானி ட்ராப்பும்

பாத்ரூமைப் பத்தியெல்லாம் ஒரு பதிவான்னு முகம் சுளிக்காதீங்க மக்களே. மும்பை, புனே, அகமதாபாத்னு வந்து, பழைய அபார்ட்மெண்ட்ல ஒரு வீட்டை வாங்கிப்போட்டு உட்கார்ந்திருக்கிற நம்மாளுங்க எல்லாருக்கும் என்னைக்காவது ஒருநாள் இந்தப் பிரச்சினை வரும். ஊர்ல இருந்து அப்பாவோ அம்மாவோ நம்மகூட நிரந்தரமா இருக்க வர்றாங்கன்னா, முதல்ல பார்க்க வேண்டிய ரூம் இதுதான்.

எங்க வீடு டோம்பிவிலியில, 1991ல கட்டின பில்டிங், ரெண்டாவது மாடி. 2014ல ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினது. ரெண்டு பாத்ரூம். ஹாலை ஒட்டி இருக்கிறது இந்தியன் டைப். அம்மா வந்தா அவங்களுக்கு அதுதான். மாயவரத்துல தனியா இருக்காங்க, வயசு 76, ரெண்டு முட்டியும் தேய்மானம். எப்ப வந்தாலும் பத்தே நாள்ல "வாழைக்குத் தண்ணி விடணும்டா"ன்னு கிளம்பிடுவாங்க. வாழைதான் காரணம்னு நானும் நம்பிட்டு இருந்தேன். நிஜக் காரணத்தைக் கண்டுபிடிச்சது தங்கமணி. "ஏங்க, அத்தை சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லை, கவனிச்சீங்களா?" ராத்திரி எழுந்து அந்த பாத்ரூமுக்குப் போகணுமேன்னு பயம்.

சரி, மாத்திடலாம்னு முடிவாச்சு. காண்ட்ராக்டர் ஒருத்தர் வந்து, கதவுகிட்ட நின்னு எட்டிப் பார்த்துட்டு, 1,65,000 ரூபாய்னார். ஏழடிக்கு அஞ்சடி ரூமுக்கு! உடைக்கிறது, மூட்டை தூக்குறது, வாட்டர்ப்ரூஃபிங் பூசறது, சுவர் டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் இதெல்லாம் நானே பண்றது, மத்ததுக்கு மட்டும் ஆள் வைக்கிறதுன்னு ஒரு கணக்குப் போட்டேன். 60,000ல முடியும்னு வந்தது. 2023 தீபாவளி முடிஞ்ச கையோட பன்னிரண்டு நாள் லீவு போட்டேன். சொசைட்டிக்கு லெட்டர் கொடுத்து, 5,000 ரூபாய் டெபாசிட் கட்டி, சத்தம் போடுற வேலையெல்லாம் காலை பத்துல இருந்து ஒண்ணு, அப்புறம் நாலுல இருந்து ஆறுன்னு எழுதி வாங்கியாச்சு. அம்மாவுக்கு டிசம்பர் 8ம் தேதிக்கு டிக்கெட்.

இனிமேதான் கதையே.

முதல் நாள் தரையில வெள்ளை டைல்ஸை உளி வச்சுத் தட்டினா, அடியில ரோஸ் கலர்ல இன்னொரு டைல்ஸ். சுவர்லயும் அப்படியே. எங்களுக்கு வித்தவர் பழைய டைல்ஸை எடுக்காம அது மேலயே புதுசு ஒட்டியிருக்கார். பிராஞ்ச்ல சார்ஜ் எடுக்கும்போது பழைய மேனேஜர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல என்னென்னவோ போட்டு மூடி வச்சிருப்பாரே, அதே கதைதான்.

பழைய அபார்ட்மெண்ட்கள்ல பாத்ரூம் தளம் மத்த ரூமை விட ஒரு அடி பள்ளமா இருக்கும். குழாயெல்லாம் அந்தப் பள்ளத்துல போகும். மேல செங்கல் துண்டும் சிமெண்டும் போட்டு நிரப்பி, அதுக்கு மேல டைல்ஸ். மும்பைப் பக்கம் இந்த நிரப்பலுக்கு கோபான்னு பேர். காஞ்சு கெட்டியா இருக்க வேண்டிய அந்த கோபா எங்க வீட்டுல களிமண் மாதிரி சொதசொதன்னு இருந்தது. இந்தியன் பேசினும் அடி ட்ராப்பும் சேர்ற ஜாயிண்ட் விட்டுப்போயிருந்தது. எத்தனை வருஷமா கசிஞ்சதுன்னு அந்தப் பழைய பேசினுக்குத்தான் தெரியும். மேல டைல்ஸ் பளபளன்னு இருந்ததால எங்களுக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

கோபா முழுசையும் தோண்டி எடுத்தோம். ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வரும். கட்டட இடிபாட்டுக்கு இங்கே மல்பான்னு பேர். மல்பாவை லிஃப்ட்ல கொண்டு போகக்கூடாது, சொசைட்டி ரூல். பையன் மாடிப்படியில சாக்பீஸ் வச்சுக் கணக்கு எழுதினான். மொத்தம் 72 மூட்டை. ஜிம்முக்குக் கட்டற காசு மிச்சம்னு சிரிச்சான், படவா.

சொதசொத கோபாவைப் பார்த்ததும் மனசுல உதைச்சது. கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனேன். அங்கே ஒரு மராத்தி ஆஜியும் அவங்க மகளும். "உங்க பாத்ரூம் சீலிங்கைப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். ஆஜி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. மேல பிளாஸ்டிக் ஷீட்ல ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தாங்க. ஒரு ஷீட்டைக் கழட்டினா, சிமெண்ட் பூச்சு உதிர்ந்து, ஸ்லாப் கம்பி துருப்பிடிச்சு உப்பிப்போய் வெளியே தெரியுது. வீட்டை எங்களுக்கு வித்தவர்கிட்ட பலதடவை சொல்லியிருக்காங்க. சொசைட்டியில, மேல் வீட்டு பாத்ரூம் கசிவு ரெண்டு வீட்டுக்காரங்களும் தீர்த்துக்க வேண்டியதுன்னுட்டாங்க. அவர் மேல டைல்ஸை ஒட்டிட்டு வீட்டை வித்துட்டுப் போயிட்டார். "புதுசா வந்தவங்ககிட்ட முதல் நாளே சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன் பேட்டா. தலை மேல சொட்டாம இருக்க இதைப் போட்டுக்கிட்டேன்"னு ஆஜி சொன்னப்போ எனக்குப் பேச்சே வரலை. தீபாவளிக்குத் தீபாவளி எங்க வீட்டு முறுக்கு அவங்க வீட்டுக்கும், அவங்க வீட்டு கரஞ்சி எங்க வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டு இருந்தது. நடுவுல இருந்த ஸ்லாப்ல கம்பி துருப்பிடிச்சுட்டு இருந்திருக்கு.

அதோட என் அறுபதாயிரம் கணக்கு காலி. இது நான் கை வைக்கிற வேலை இல்லைன்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் சொன்னபடி கம்பியில துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்து, துரு தடுக்கிற பூச்சு அடிச்சு, பாலிமர் கலந்த மார்ட்டர் வச்சு மூடினாங்க. செலவு 18,000. ஆஜி மகள் பாதி தர்றேன்னு சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன்.

அடுத்தது தண்ணிக் குழாய். பழைய ஜிஐ பைப். பிளம்பர் டேப்பைக் கழட்ட ஸ்பேனர் வச்சுத் திருப்பினதும் சுவருக்குள்ள எல்போ பிஸ்கட் மாதிரி உடைஞ்சது. உள்ளே துரு அடைச்சு, சுண்டுவிரல் போற அளவுதான் ஓட்டை. மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற வால்வை மூடணும். அதை மூடினா எங்க வரிசை வீடு எல்லாத்துக்கும் தண்ணி கட். ஞாயித்துக்கிழமை வேலைன்னு நோட்டீஸ் ஒட்டினோம். சனிக்கிழமை ராத்திரி எல்லா வீட்டுலயும் பக்கெட்டு, குக்கர், அண்டான்னு நிரம்பி வழிஞ்சது. சிபிவிசி பைப் மாத்தி, டைல்ஸ் மூடறதுக்கு முன்னாடியே பிரஷர் கொடுத்து ஜாயிண்ட் எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு.

கமோட் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். கழிவு தரை வழியா இறங்கறது எஸ்-ட்ராப், சுவர் வழியா வெளியே போறது பி-ட்ராப். எஸ்-ட்ராப்னா, முடிஞ்ச சுவர்ல இருந்து, அதாவது டைல்ஸ் ஒட்டினப்புறம் இருக்கிற சுவர்ல இருந்து, ஓட்டையின் நடு மத்தி வரைக்கும் எத்தனை இன்ச்சுங்கறது முக்கியம். நாலு, ஒன்பது, பன்னிரண்டு இன்ச்னு அளவு வருது. ரெண்டு அடுக்கு டைல்ஸை எடுத்தா சுவர் பின்னாடி போயிடும், அளவே மாறிடும். அதனால உடைச்சுப் பார்க்காம கமோட் வாங்காதீங்க. எங்க பிளம்பர் பி-ட்ராப்தான் போடச் சொன்னார். கழிவுக் குழாய் கோபாவுக்குள்ள புதையாம, நேரா வெளிச்சுவருக்குப் போயிடும். நாளைக்கு ஜாயிண்ட் விட்டாலும் கண்ணுக்குத் தெரியும், ஆஜி தலையில சொட்டாது.

உயரத்துக்கு அம்மாவுக்கு போன் போட்டு, நாற்காலியில உட்கார்ந்து தரையில இருந்து முட்டிக்கு அடி வரைக்கும் அளந்து சொல்லச் சொன்னேன். "இன்ச் டேப்புக்கு எங்கேடா போவேன், ரெண்டு சாண்ல கொஞ்சம் கம்மி"ன்னாங்க. முட்டி வலின்னா உயரமான கமோட் வாங்குங்கன்னு கடையில சொல்வாங்க. அம்மா குள்ளம். உயரமானதுல உட்கார்ந்தா கால் தொங்கும், எழுந்திருக்கப் பிடிமானம் இருக்காது. சாதா உயரமே போதும், பக்கத்துல கைப்பிடிதான் முக்கியம்.

நிஜமான சோதனை வாட்டர்ப்ரூஃபிங்ல வந்தது. ஸ்லாப்பைச் சுத்தம் பண்ணி, மூலையெல்லாம் சிமெண்ட்ல வளைச்சு (இதுக்கு இங்கே வாட்டான்னு பேர்), ஒரு கோட் குறுக்கே, காஞ்சதும் ரெண்டாவது கோட் நெடுக்கே, சுவர்ல ஒரு அடி உயரம் வரைக்கும் பூசினேன். அது நல்லா இறுகினதும் குளம் டெஸ்ட். தண்ணி போற வழியை அடைச்சு, தண்ணி நிரப்பி, சுவர்ல பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடணும். ரெண்டாம் நாள் காலையில கோட்டுக்கு அரை இன்ச் கீழே தண்ணி. ஆஜி வீட்டுக்கு ஓடினா, நஹானி ட்ராப் குழாய் ஸ்லாப்பைத் துளைச்சு இறங்கற இடத்துல ஈரம். (நஹானின்னா குளிக்கிற இடம்னுதான் அர்த்தம். தரையில ஜாலி போட்டுத் தண்ணி வடியற இடம்.) 1991ல அந்த ஓட்டையைச் சுத்தி அடைச்ச சிமெண்ட் தளர்ந்து, மேல பூச்சு போட்டும் குழாய் தனியா ஆடிக்கிட்டு இருந்திருக்கு.

அன்னைக்குத் தேதி டிசம்பர் 2. மறுபடி கொத்தி, சுருங்காத கிரவுட் வச்சு அடைச்சு, பூசி, காயவிட்டு, திரும்ப 48 மணி நேரம்னா எட்டாம் தேதிக்குள்ள முடியாது. பிளம்பர் "லைட்டாத்தான் சார் இருக்கு, டைல்ஸ் போட்டா நின்னுடும்"னார். போன ஓனர்கிட்டயும் யாரோ இதையேதான் சொல்லியிருப்பாங்க.

அம்மாவுக்கு போன் பண்ணி டிக்கெட்டை மாத்தணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் அங்கே வர்றது தொந்தரவுன்னா சொல்லிடுடா, நான் இங்கேயே இருந்துக்கறேன்"னாங்க. குழாய், கிரவுட், பென்சில் கோடு எல்லாம் விளக்கிச் சொன்னேன். "சரி சரி"ன்னு வச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. தங்கமணிதான் மறுநாள் ஆஜி வீட்டு சீலிங்கை போட்டோ எடுத்து, ஊர்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அம்மாகிட்ட காட்டச் சொன்னா. சாயந்திரம் அம்மாவே கூப்பிட்டாங்க. "அந்தக் கிழவி இத்தனை வருஷம் எப்படிடா பொறுத்துக்கிட்டா? நல்லா முடிச்சுட்டே கூப்பிடு."

ரெண்டாவது டெஸ்ட்ல கோடு அசையலை. ஆஜியே டார்ச் அடிச்சுப் பார்த்து "சுக்கா"ன்னு சர்டிஃபிகேட் கொடுத்தாங்க.

அப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன இம்சை. ரெண்டு அடுக்கு போனதுல ரூம் பெருசாகி, டைல்ஸ் பத்து சதவீதம் கூட வாங்கியும் ஒரு வரிசை குறைஞ்சது. புதுப் பெட்டியில பேட்ச் நம்பர் வேற, நிறமும் ஒரு சாயல் வேற. அதைக் கதவுக்குப் பின்னாடி போட்டுட்டோம். தரைக்குச் சொரசொரப்பு டைல்ஸ், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவுல, மிஸ்திரி ரெண்டு நாள் வந்து போட்டார். கைப்பிடியை டைல்ஸ்ல மட்டும் இல்லாம, செங்கல் வரைக்கும் போற ஆங்கர் போல்ட்ல முடுக்கி, நானே தொங்கிப் பார்த்தேன். கீஸருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எலக்ட்ரீஷியனை வச்சு. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்தினோம். உள்ளே யாராவது விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவை அவங்க உடம்பே அடைச்சுக்கும். இதை மட்டுமாவது இந்த வாரமே உங்க வீட்டுல பாருங்க.

கடைசிக் கணக்கு: கண்ணுக்குத் தெரியற டைல்ஸ், கமோட், டேப், கைப்பிடி எல்லாம் சேர்த்து 33,000. கண்ணுக்குத் தெரியாத குழாய், ட்ராப், வாட்டர்ப்ரூஃபிங், பசை, கிரவுட், ஸ்லாப் ரிப்பேர், மல்பா, மிஸ்திரி, வயரிங் 69,500. ஆக 1,02,500. ஒண்ணுக்கு ரெண்டு. கடையில டைல்ஸ் விலையை ரெண்டு ரூபாய் பேரம் பேசறதை விட்டுட்டு, இந்த ரெண்டாவது கணக்கை முதல்ல போடுங்க. உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ் வீட்டுக்குப் போய் மேலே அண்ணாந்து பாருங்க.

அம்மா டிசம்பர் 26ம் தேதி கல்யாண்ல வந்து இறங்கினாங்க. பாத்ரூமை ஒரு சுத்து பார்த்துட்டு, "இதுக்கா ஒரு லட்சம்?"னு கேட்டாங்க. கதவுக்குப் பின்னாடி டைல்ஸ் கலர் வேறயா இருக்கறதையும் கண்டுபிடிச்சுட்டாங்க. இப்பல்லாம் ராத்திரி படுக்கப் போறப்போ தலைமாட்டுல ஒரு சொம்பு தண்ணி வச்சுக்கறாங்க. காலையில பார்த்தா சொம்பு காலியா இருக்கு.